மூணு அடுக்கு என்றால் எத்தனை? கேக்குக்கு ‘வகிர்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

கேக் வேலைக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில், ஒரே கேக்குக்குள் இருக்கும் ‘லேயர்’, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றும் தனித்தனிக் கேக்கான ‘டயர்’ (tier) இரண்டையும் பற்றி அண்ணாச்சி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> லேயர், டயர் இரண்டுக்கும் ‘அடுக்கு’ போதும். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

புரிந்துகொள்ள மாட்டார்கள் அண்ணாச்சி. அந்த ஒரு சொல்லால் எனக்கு ஒரு நிச்சயதார்த்த வீட்டில் மானம் போனது.

மார்த்தாண்டம் பக்கமிருந்து போன். “மூணு அடுக்கு கேக் வேணும்” என்றார்கள். எட்டங்குல வட்டத்தில் ஒரு கேக் சுட்டு, மூன்றாக அறுத்து, இடையில் இரண்டு தரம் கிரீம் வைத்து, பூசி மெழுகிக் கொண்டுபோய் இறக்கினேன். அவர்கள் நினைத்திருந்தது பெரிசு, நடுத்தரம், சின்னது என்று ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த மூன்று கேக். பெண்ணின் சித்தி கேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். மிச்சம் இரண்டும் வண்டியில் இருக்கிறது என்று நினைத்துவிட்டார் பாவம்.

‘டயர்’ என்றே சொல்லிவிடலாமே என்றால், “ரெண்டு டயர் கேக்” என்று எங்கள் ஊர் வாயில் வரும்போது பஞ்சர் கடை ஞாபகம்தான் வருகிறது.

ஆங்கிலத்திலும் ‘லேயர்’ சுத்தமான சொல் இல்லை. டின்னிலிருந்து கவிழ்த்த முழு வட்டமும் லேயர்தான், அதைக் கிடையாக அறுத்தால் வரும் பாதியும் லேயர்தான். அறுக்கும் வேலைக்கு மட்டும் ‘டோர்ட்டிங்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் கேக்குக்குச் சொல்லும் ‘டோர்ட்ட’ என்ற பெயரிலிருந்து வந்தது அது. அவர்கள் குழப்பத்தையும் சேர்த்து நாம் ஏன் தமிழாக்க வேண்டும்? பொருள் மூன்று என்றால் சொல்லும் மூன்று வேண்டும்.

சுட்டெடுத்த முழு வட்டத்துக்கு இலங்கை அக்கா சொன்ன ‘பாளம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. கனமும் தட்டையும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பூரணம் வைத்து, பூசி முடித்து, தன் அட்டையில் நிற்கும் ஒரு முழுக் கேக்தான் ‘அடுக்கு’. பாளத்தை அறுத்து வரும் துண்டுக்குத்தான் சண்டை. பேராசிரியர் ஐயா ‘ஏடு’ என்கிறார். அழகான சொல், ஆனால் பாலேடும் பனையேடும் மெல்லிசு. இரண்டங்குலப் பாளத்தை இரண்டாக்கினால் ஒவ்வொன்றும் ஓரங்குலம், அது ஏடு இல்லை ஐயா. ‘தட்டு’ என்றால் அடியில் வைக்கும் தட்டோடு மோதும்.

நான் சொல்வது ‘வகிர்’. மாங்காயை வகிர்ந்து உப்பிடுகிறோம். தலைமுடியை இரண்டாகப் பிரிக்கும் கோடு வகிடு. பேச்சில் ‘வகுந்து’ என்று இன்னும் உயிரோடு இருக்கும் சொல். “வகுந்துடுவேன்னு சண்டியன் சொல்ற சொல்லாச்சே” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சொல்லட்டும் தம்பி, நானும் கையில் கத்தியோடுதான் நிற்கிறேன்.

வேலையைப் பார்த்தால் சொல் ஏன் பொருந்துகிறது என்று தெரியும். பாளத்தைச் சுட்ட அன்றே வகிர்ந்தால் உதிரும். பொதிந்து ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும். மறுநாள் டர்ன்டேபிளில், அதாவது சுழலும் பலகையில் வைத்து, இடது உள்ளங்கையை மேலே லேசாக ஊன்றி, பல்லு வைத்த ரொட்டிக் கத்தியால் முதலில் சுற்றி அரையங்குல ஆழத்துக்கு ஒரு கோடு மட்டும். கத்தி அசையக் கூடாது, கேக்தான் சுற்ற வேண்டும். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முட்டினால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் அந்தக் கோட்டுவழியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் போதும். கத்தி பயமென்றால் நூல் இருக்கிறது: கோட்டில் நூலைச் சுற்றி, முன்னால் இரு முனையையும் மாற்றிப் பிடித்து இழுத்தால் அவித்த முட்டை மாதிரி அறுந்துவிடும். வகிர்வதற்கு முன்பே பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு சின்னக் கீறல் போட்டுவைப்பேன். திரும்ப அடுக்கும்போது கீறலுக்குக் கீறல் பொருத்தினால், வெட்டு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கேக் சாயாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. புடாபெஸ்ட்டில் 1885 கண்காட்சியில் யோசெஃப் தோபோஷ் என்ற ஹங்கேரிச் சமையல்காரர் வைத்த கேக்கில் மெல்லிய தகடுகளைத் தனித்தனியாகவே சுடுவார்கள், அறுப்பதே இல்லை. அதை வகிர் என்றால் தப்பு. அங்கே ஐயாவின் ‘ஏடு’ கச்சிதமாக உட்காரும்.

மற்றவை எளிது. நடுவில் வைப்பது பூரணம். கொழுக்கட்டைக்கு இருக்கிற சொல் கேக்குக்கு ஏன் கூடாது? ஜாம் மாதிரி ஒழுகும் பூரணம் என்றால் ஓரத்தில் கெட்டிக் கிரீமால் ஒரு வளையம் பிழிவோம். அதற்கு ‘அணை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நாஞ்சில் நாட்டில் பிறந்துவிட்டு வரப்பை விட்டுக்கொடுப்பேனா? வரப்புதான். உதிரியை ஒட்டவைக்க முதலில் மெல்லிசாகப் பூசுவது அடிப்பூச்சு. ஓரடுக்கின்மேல் இன்னோர் அடுக்கு ஏற்றினால், கீழே உள்ளது நசுங்காமலிருக்க உள்ளே குச்சிகளை நிறுத்துகிறோமே, அது முட்டு. வாழைக்குக் கொடுக்கிற அதே முட்டு. 2017இல் ஒக்கி புயல் அடித்தபோது முட்டோடு சேர்ந்து சாய்ந்த வாழைகளைப் பார்த்தவள் நான், அதனால் எப்போதும் ஒரு குச்சி கூடுதலாகவே வைப்பேன்.

பாளத்தின் நடு மேடாக எழும்புவதற்கு ‘திமில்’ என்று வைத்திருக்கிறேன். டின்னின் சூடு பட்டு ஓரம் முதலில் வெந்து இறுகிவிடும், நடு மட்டும் தொடர்ந்து பொங்கும். டின்னைச் சுற்றி ஈரத்துணி கட்டினாலோ, 180 டிகிரிக்குப் பதில் 160இல் நின்று சுட்டாலோ திமில் தணியும். மிச்சத்தை வகிர்வதற்கு முன் சீவிவிடலாம். சீவியது கடைக்காரிக்கு.

‘கேக்’ என்பதையே ‘அணிச்சல்’ ஆக்கிவிட்டு மேலே பேசலாம் என்பவர்களுக்கு: கிறிஸ்மஸுக்கு இங்கே வீட்டுக்கு வீடு கேக்தான் போகிறது. அதை விட்டுவிடுங்கள்.

ஆர்டர் சீட்டில் இப்போது ‘ஈரடுக்கு, அடுக்குக்கு நால்வகிர்’ என்று எழுதுகிறேன். அதாவது இரண்டு கேக், ஒவ்வொன்றிலும் நான்கு வகிர், மூன்று பூரணம். கேட்பவர்களுக்கு விரலை மடக்கிக் காட்டினால் புரிந்துவிடுகிறது.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. நேற்று உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஒரு பாளத்தைக் கொடுத்து, “இதை ரெண்டா வகுந்து வை மக்களே” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் நட்டநடுவே மேலிருந்து கீழாக, மாங்காய் மாதிரி, அரைவட்டம் அரைவட்டமாக இரண்டு. சாயங்காலக் காப்பிக்கு எல்லாரும் தின்றோம்.

ஆகவே வினைக்கு ‘கிடைவகிர்தல்’ என்று முன்னொட்டு சேர்த்துப் பார்த்தேன். ஆனால் கிடை என்றதும் எங்கள் வீட்டு அப்பாவுக்கு ஆட்டுக்கிடைதான் கண்ணில் வருகிறதாம். ஐயா, வேறு ஏதாவது தோன்றுகிறதா?

தக்கலையிலிருந்து,
கேக்காரி