மறு: டயர் எண்ணில் நடுவே வரும் 65-க்கு ஒரு சொல்: ‘கன்ன விகிதம்’ சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய சொகுசு கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதிவரும் டயர் கையேட்டில் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’வை நான் ‘தோற்ற விகிதம்’ என்று போட்டிருந்ததற்கு மூன்று பேர் மூன்று விதமாகத் திட்டியிருந்தீர்கள். மூன்றும் சரிதான். தொலைக்காட்சித் திரைக்கு யாரோ வைத்த சொல்லைத் தூக்கிவந்து டயரில் ஒட்டிவிட்டேன். திரைக்கே அது பொருந்துகிறதா என்பது வேறு வழக்கு. டயரில் அந்த எண்ணுக்குத் தோற்றத்தைவிடச் சவாரியோடுதான் உறவு அதிகம். சொல்லை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பதிலுக்கு வேறொன்று கொண்டுவந்திருக்கிறேன்.

கார் பக்கம் அதிகம் போகாதவர்களுக்காகப் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். என் காரின் டயரில் ‘205/65 ஆர்15 94வி’ என்று இருக்கிறது. 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65-தான் அந்த ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’: அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கவாட்டு உயரம் என்பது. 205-இல் 65 சதவீதம், சுமார் 133 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். (ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் கலந்த புண்ணியவான் யாரோ.) 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ வரை தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வேகம் வரை. கடைசி இரண்டுக்கும் ‘சுமைக் குறியெண்’, ‘வேகக் குறி’ என்று வைத்ததில் யாருக்கும் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வேகக் குறியில் எச் என்பது யு-வுக்கும் வி-க்கும் நடுவே, 210 கி.மீ.க்கு உரியதாக உட்கார்ந்திருக்கிறது. அகர வரிசையை நம்பிப் போனால் ஏமாறுவோம், அவ்வளவுதான்.

சண்டை அந்த 65-க்குத்தான்.

> ‘பக்கச்சுவர்’ என்று ஏற்கெனவே பலரும் எழுதுகிறார்கள். அதிலிருந்து ‘சுவர் விகிதம்’ என்று எடுத்தால் கதை முடிந்தது. இதற்கு ஏன் இத்தனை மெனக்கெடல்?

ஐயா, நானும் முதலில் அங்கேதான் போய் நின்றேன். ஆனால் தமிழில் சுவர் என்றால் அசையாதது. சுவர் அசைந்தால் வீட்டைவிட்டு ஓட வேண்டியதுதான். டயரின் பக்கம் அசைவதற்காகவே செய்யப்பட்டது. என் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது வினாடிக்குப் பதினொரு முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் பக்கவாட்டு ரப்பர் பிதுங்கி, மேலே போனதும் பழையபடி நிமிர்கிறது. ரேடியல் டயரில் உள்ளே இருக்கும் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காக ஓடுவதால் இந்தப் பிதுக்கம் இன்னும் தாராளம். பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷ்லின் 1946-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது: மிதிக்கும் பகுதி விறைப்பு, பக்கம் மென்மை. இதைப் போய்ச் சுவர் என்றால் படிப்பவர் மனத்தில் நேர் எதிரான படம் விழும்.

பழைய சொகுசு காரில் இது வெறும் சொல் நயம் சார்ந்த கவலை இல்லை. என்னுடையது 1980களின் மெர்சிடிஸ், டபிள்யூ126 என்ற மாடல். தொழிற்சாலையிலிருந்து வந்தது 15 அங்குல ரிம், மேலே சொன்ன அளவு டயர். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அழகுக்காக 18 அங்குல ரிம்மில் 245/40 போட்டிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் செய்ததில் தப்பே இல்லை. பழைய டயரின் முழு விட்டம் 647 மி.மீ., புதியது 653. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, வேகமானி பொய் சொல்லாது. ஆனால் பக்கவாட்டு உயரம் 133-இலிருந்து 98-க்கு இறங்கிவிட்டது. சாலையில் ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொன்றும் முழங்கை வரை வந்து தட்டியது. கதவின் உள்பலகை எங்கோ கிறீச்சிட்டது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று நினைத்து இரண்டை மாற்றினேன், பிறகு புஷ்களை (சக்கர இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகளை) மாற்றினேன். கடைசியில் யாரிடமிருந்தோ பழைய 15 அங்குல ரிம் நான்கு கிடைத்து, 65 டயர் போட்டு ஓட்டியபோதுதான் தெரிந்தது, நோய் எங்கே இருந்தது என்று. அந்தக் காரை வடிவமைத்தவர்கள் டயரின் பக்கத்தையும் ஒரு ஸ்பிரிங்காகக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். மற்ற ஸ்பிரிங் எல்லாம் வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் முதல் அடியை வாங்குவது அதுதான்.

முதல் அடி வாங்குவது என்று எழுதியதும் சொல் தானாக வந்தது: கன்னம்.

டயரின் பக்கம் ‘கன்னம்’. அகலத்தோடு ஒப்பிட்ட அதன் உயரம் ‘கன்ன விகிதம்’. ‘65 ப்ரொஃபைல்’ என்று டயர் மாற்றுபவர் சொன்னால் நாம் ‘கன்ன விகிதம் 65’ என்று எழுதலாம்.

நம் குழுவிலுள்ள அக்கா ஒருவர் தனியஞ்சலில் கேட்டதை இங்கே அவர் அனுமதியோடு பொதுவில் வைக்கிறேன்:

> கன்னம் என்றால் காற்று போனால் ஒட்டிப்போக வேண்டும். டயரில் காற்று குறைந்தால் பிதுங்குகிறதே? உவமை தலைகீழாக இருக்கிறது.

நியாயமான கேள்வி. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இளம் கன்னத்தை வைத்துப் பார்த்தால் தலைகீழ்தான். ஆனால் வயதான கன்னம் சதை விட்டுத் தொங்குமே, காற்று குறைந்த டயர் அந்த மாதிரி தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? இன்னொன்றும் உண்டு. ரேடியல் டயர் சரியான காற்றழுத்தத்திலும் தரையருகே கொஞ்சம் உப்பித்தான் இருக்கும். ரேடியலுக்கு முந்தைய, உள்ளிழைகள் சாய்வாகப் பின்னிய ‘சாய்பின்னல்’ டயரைப் பார்த்துப் பழகிய கண் அதைக் காற்றுக் குறைவு என்று நினைத்து அளவுக்கு மேல் காற்றை ஏற்றிவிடும். நடு மட்டும் தேய்ந்து, சவாரியும் கட்டையாகிவிடும். ‘கன்னம் கொஞ்சம் உப்பியிருப்பது இயல்பு, அழுத்தமானி வைத்துப் பாருங்கள்’ என்று கையேட்டில் எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ‘பக்கச்சுவர் வீங்கியிருப்பது இயல்பு’ என்று எழுதினால் பயந்துவிடுவார்கள்.

இன்னொரு அன்பர், ‘கன்னம் வைப்பது என்றால் திருடன் சுவரில் ஓட்டை போடுவது, டயரில் கன்னம் வைத்தால் காற்று போய்விடும்’ என்று எழுதியிருந்தார். சிரித்தேன், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொருள் இன்று ‘கன்னக்கோல்’ என்ற சொல்லோடு ஒதுங்கிவிட்டது. குழப்பம் வராது.

ஒரு கலைச்சொல் பிழைக்குமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை, அது குட்டி போடுகிறதா என்பதுதான். சுவர் மலடு. கன்னத்தைப் பாருங்கள். பள்ளத்தில் ஓங்கி அடித்து உள்ளே இழை அறுந்து பக்கத்தில் முட்டை மாதிரி புடைத்தால் ‘கன்ன வீக்கம்’. பல்வலி வந்தவர் முகம் போலவே இருக்கும், வைத்தியமும் கிடையாது, டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் அச்சிட்ட அளவுகளும் குறிகளும் ‘கன்ன எழுத்து’. 40, 35 என்று குறைந்த விகித டயர் ‘ஒட்டிய கன்னம்’, பழைய 70, 80 எல்லாம் ‘உப்பிய கன்னம்’. 1960களின் கார்களுக்கு ‘185 எச்ஆர்14’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள், விகிதமே இருக்காது. விகிதம் எழுதாவிட்டால் 80 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ என்று பொருள். ‘கன்ன விகிதம் சொல்லப்படாத அளவு’ என்று இதை ஒரே மூச்சில் சொல்லிவிட முடிகிறது.

> டயரையும் தமிழ்ப்படுத்திவிடுவீர்களா? ‘உருளிப்பட்டை’ என்று?

மாட்டேன். டயர் டயராகவே இருக்கட்டும், ரிம்மும் அப்படியே. கூப்பிட மட்டும் பயன்படும் பெயரை மாற்றி என்ன ஆகப்போகிறது? வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தால் ‘பட்டை’ என்பது தவறான வேர் இல்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் விளக்கம் தேவைப்படும் இடத்தில் மட்டும்தான் நான் கை வைக்கிறேன்.

அப்படி விளக்கம் தேவைப்படும் இன்னொன்று ‘ஃப்ளாட் ஸ்பாட்’. ‘தட்டைப்புள்ளி’ என்று வந்திருக்கிறது. அது புள்ளி இல்லையே, உள்ளங்கை அகலம் இருக்கும். அதோடு இதில் மூன்று வகை இருக்கிறது, மூன்றையும் ஒரே பெயரில் அடைத்தால் படிப்பவர் தேவையில்லாமல் டயர் வாங்குவார். பழைய கார் பெரும்பாலும் நிறுத்தியே கிடக்கும். சில வாரம் அசையாமல் கிடந்தால் தரையைத் தொட்ட இடம் தட்டையாகப் படிந்துவிடும், உள்ளே இருக்கும் நைலான் அடுக்கு அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓட்ட ஆரம்பித்ததும் ஸ்டியரிங் நடுங்கும். டயர் சூடேறச் சூடேற நடுக்கம் குறைந்து மறைந்துபோகும். இதற்கு ‘கிடைத்தட்டை’ என்கிறேன். கிடையாய்க் கிடந்ததால் வந்தது. மாதக்கணக்கில், அதுவும் காற்றுக் குறைவாகக் கிடந்தால் சூடேறினாலும் போகாது. இது ‘கிடைத்தழும்பு’. சக்கரம் சுழலாமல் பிரேக் பிடித்து இழுபட்டதில் ரப்பரே சுரண்டப்பட்டால் ‘தேய்தட்டை’. படுக்கைப்புண் என்று வைக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மருத்துவர்களிடமிருந்து சொல்லைப் பிடுங்கிய பாவம் வேண்டாம்.

அடுத்து, ‘டயர் வெடிப்பு’. இதை உடனே கையேட்டிலிருந்து எடுத்துவிட நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வயதான டயரில் குதிகால் மாதிரி பாளம் பாளமாகக் கீறல் விடுவதையும் வெடிப்பு என்கிறோம், ஓடும்போது பட்டென்று போவதையும் வெடிப்பு என்கிறோம். முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடக்கூடும் என்பதால் பிரித்துச் சொல்வது அவசியம். முதலாவதை ‘மூப்புக் கீறல்’ என்று வைப்போம். ஆங்கிலத்தின் ‘ட்ரை ராட்’டுக்கு ‘உலர் அழுகல்’ என்ற நேர்மொழிபெயர்ப்பு வேண்டாம், அங்கே எதுவும் அழுகவில்லை. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தின்கிறது. அதைத் தடுக்க ரப்பரில் கலந்திருக்கும் பொருள் டயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாக வருகிறது. அதனால்தான் ஓடாத காரின் டயர், பட்டன் (மிதிக்கும் பகுதியில் உள்ள ரப்பர் கட்டிகள்) எல்லாம் புதிதுபோல இருந்தும் கன்னத்தில் கீறல் விடுகிறது. ‘பார், பட்டன் முழுசா இருக்கு’ என்று காட்டி விற்கும் பழைய காரில் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கீறலைக் கண்ணால் தேடுவதற்கு முன் வயதைப் பார்க்கலாம். கன்ன எழுத்தில் டிஓடி (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கம்) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்: 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரம். 2000-க்கு முன் மூன்று இலக்கம்தான். அப்படி மூன்று இலக்கத்தோடு ஒரு டயர் இன்னும் காரில் இருந்தால் மேற்கொண்டு ஆராய்ச்சி வேண்டாம். இதற்கு ‘பிறந்த வாரம்’ என்று எழுதியிருக்கிறேன். ‘உற்பத்தி வாரக் குறியீடு’தான் வேண்டும் என்றால் வாக்கெடுப்பு வையுங்கள், தோற்கத் தயார். பல கார் தயாரிப்பாளர்கள் ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கிறார்கள், டயர் தயாரிப்பாளர்கள் பலர் பத்து ஆண்டை உச்சவரம்பாக வைக்கிறார்கள். இரண்டையும் கையேட்டில் கொடுத்துவிடலாம்.

மிஷ்லின் 1970களில் கொண்டுவந்த டிஆர்எக்ஸ் என்ற வகை டயர் அளவுகளுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். சில பழைய பி.எம்.டபிள்யூ கார்களில் வந்தவை. ரிம் விட்டம் மில்லிமீட்டரில், 390 என்று இருக்கும். அது 15 அங்குலமும் (381) இல்லை, 16-உம் (406) இல்லை. சாதாரண டயரை அதில் திணிக்கவே கூடாது. இதற்குத் தனிச்சொல் தேவையில்லை, எச்சரிக்கை போதும்.

எனக்கு இன்னும் கைவராதது ‘பீட்’. ரிம்மின் விளிம்பைக் கவ்வும் கம்பிவைத்த ஓரம். கன்னம் என்று வந்தபின் அதை ‘உதடு’ எனலாம் என்று ஓர் அன்பர் சொன்னார். பழைய அலாய் ரிம் அரித்துப்போய் அந்த இடத்தில் காற்று கசியும்போது ‘உதட்டில் கசிவு’ என்பது அழகாகவே இருக்கிறது. ஆனால் கவ்வுவது பல்லின் வேலை, உதட்டின் வேலை இல்லையே என்று உறுத்துகிறது. ‘கவ்விளிம்பு’ என்று ஒன்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. கையேட்டில் அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன். டயர் கழற்றி மாட்டும் வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், கடப்பாரையை எங்கே கொடுக்கிறோம் என்று சொல்லும்போது வாயில் என்ன சொல் வருகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கையேட்டுக்காரன்