சந்தகை பிழிய இடம் எங்கே? கொங்கு வீட்டுச் சமையலறை அனுபவங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வரைபடம் போட வந்த வடிவமைப்பாளர் முதலில் கேட்ட கேள்வி, அலமாரிக் கதவுகளுக்கு என்ன நிறம் வேண்டும் என்பது. அன்றைக்கே என் மாமியார் கேட்ட கேள்வி, எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தகையை எங்கே பிழிவது என்பது. நிறத்தைப் பற்றிய பேச்சு கிரகப்பிரவேசம் நெருங்கும் வரையில் நீண்டது. சந்தகையைப் பற்றிய கேள்வியோ உடனே வரைபடத்தைத் திருத்த வைத்தது. சமையலில் ஆர்வமுள்ள குடும்பத்தார் சமையலறை கட்டும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று இங்கே பலரும் கேட்டிருப்பதால், அந்தத் திருத்தங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சந்தகைக்கு அரைத்த மாவை வேகவைத்து, சூடு தணிவதற்குள் அச்சில் இட்டுப் பிழிந்துவிட வேண்டும். ஆறினால் மாவு இறுகிக் கை ஓய்ந்துவிடும். எங்களிடம் இருப்பது மூன்று கால்களில் நிற்கும், மேலிருந்து கைப்பிடியைத் திருகுகிற பழைய இரும்பு அச்சு. அதை வழக்கமான சமையல்மேடையில் ஏற்றினால் கைப்பிடி தோளுக்கு மேலே போய்விடுகிறது. தரையில் வைத்தாலோ மாமியாரால் குனிய முடியாது. ஆகவே அடுப்பிலிருந்து இரண்டு எட்டு வைக்கும் தூரத்தில், 22 அங்குல உயரத்தில், ஒரு தாழ்மேடை கட்டச் சொன்னோம். அறையின் ஒழுங்கே கெட்டுவிடும் என்று வடிவமைப்பாளர் தயங்கினார். இன்று அந்த வீட்டிலேயே அதிகம் புழங்கும் இடம் அதுதான். ஓப்புட்டுக்கு, அதாவது போளிக்கு, மாவு பிசைவது, விருந்து நாளில் அரிசிம்பருப்பு சாதம் இருக்கும் பெரிய போசியை இறக்கி வைத்துக் கிளறுவது, முக்காலி போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவது எல்லாம் அங்கேயே நடக்கின்றன.

மேடையின் உயரத்தைப் பற்றி எங்கள் கொத்தனாருடன் ஒரு நீண்ட உரையாடல் நடந்தது. எல்லா வீட்டுக்கும் 32 அங்குலம்தான் என்பது அவர் கை பழகிய கணக்கு. நின்றபடி முழங்கையை மடக்கி, முழங்கைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து, அதிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் குறைத்தால் நறுக்கவும் பிசையவும் தோதான உயரம் கிடைக்கும். எனக்கு அது 35 அங்குலமாக வந்தது, மாமியாருக்கு 32. இருவரும் சமைக்கிற வீடு என்பதால் நறுக்கும் பகுதியை 34 என்று வைத்துக்கொண்டு, அடுப்பு நிற்கும் பகுதியை மட்டும் மூன்று அங்குலம் தாழ்த்தினோம். மேடைமேல் வைக்கும் அடுப்புக்கே சில அங்குல உயரம் இருக்கிறது. அதன்மேல் குண்டானும் ஏறினால், உள்ளே பார்த்துக் கிளறுவதற்கு எக்க வேண்டியிருக்கும். பலகைக்குள் பதிக்கிற ஹாப் வகை அடுப்பை வாங்குகிறவர்களுக்கு இந்தத் தாழ்வு தேவையில்லை. எந்த உயரமானாலும், அதைத் தரையில் டைல்ஸ் பதித்த பிறகு இருக்கும் மட்டத்திலிருந்து கணக்கிடும்படி கொத்தனாரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். வெறும் காங்கிரீட் தரையிலிருந்து அளந்தால், டைல்ஸும் அதன் அடிக்கலவையும் சேர்ந்து இரண்டு அங்குலத்தை விழுங்கிவிடும்.

பின்வாசலை ஒட்டிப் பொடக்காணிப் (கொல்லைப்புறப்) பக்கமாகக் கூரை போட்ட ஓர் ஈர இடமும் வைத்தோம். பெரிய பாத்திரம் துலக்குவதும், கறி, மீன் கழுவுவதும், கொள்ளு அலசுவதும் அங்கே போய்விட்டன. எங்கள் பழைய சாளையில் (தோட்டத்து வீட்டில்) இந்தப் பிரிவினை யாரும் வகுக்காமலே இருந்தது. உள்ளே இருக்கும் சமையலறை பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள் என்றால், அந்த அழகில் பெரும்பங்கு இந்த ஈர இடத்தால் வந்தது என்பேன். கதவின் நிறத்தால் வந்தது கொஞ்சம்தான். கதவு, கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன், சாம்பல் பச்சை.

பொள்ளாச்சியிலிருந்து:

கோபி அக்கா எழுதியதில் காற்றைப் பற்றிய பேச்சு இல்லை. எங்கள் ஊரில் அதை விட்டுவிட்டுச் சமையலறை கட்ட முடியாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று வைகாசி முடிவிலிருந்து ஆடி தாண்டும் வரை மேற்கிலிருந்து நேராக வந்து மோதுகிறது. எங்கள் உறவினர் வீடு ஒன்றில் வெளிச்சத்துக்காக மேற்குச் சுவரில் பெரிய சன்னல் வைத்து, அதன் கீழேயே அடுப்பையும் வைத்திருந்தார்கள். ஆனி மாதத்தில் அங்கே சென்றபோது, சுடர் பாத்திரத்துக்கு அடியில் நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்து எரிந்ததைக் கண்டேன். சன்னலை அடைத்தால் புகை. திறந்தால் பாதி எரிவாயு வீண்.

இதைப் பார்த்த பிறகு கட்டியதால் எங்கள் வீட்டில் அடுப்பைத் தென்கிழக்கில், கிழக்கு முகமாக வைத்தோம். அக்கினி மூலை என்பதற்காகப் பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். காற்று மறைவு கிடைக்கிறது என்பதற்காக நான் மகிழ்ந்தேன். மேற்குச் சன்னலை அடுப்பிலிருந்து தள்ளி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்தோம்.

புகைபோக்கி விற்கிறவர்கள் உறிஞ்சும் திறனைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். குழாய் எந்தப் பக்கம் வெளியே போகும் என்று எங்களைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. எங்கள் பகுதியில் அதன் வாய் மேற்கே இருந்தால், பருவக்காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். நாங்கள் கிழக்குச் சுவரைத் துளைத்து, ஆறு அங்குலக் குழாயை ஒரே ஒரு வளைவோடு வெளியேற்றினோம். வளைவு கூடக்கூட இழுவை குறையும் என்பதைக் கடைக்காரர் சொல்லாவிட்டாலும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடையே 65 முதல் 75 சென்டிமீட்டர் இடைவெளி போதுமானது. அழகுக்காக இன்னும் உயர்த்தினால், பள்ளிபாளையம் சிக்கனுக்கு வரமிளகாய் தாளிக்கும்போது வீடு முழுவதும் இருமும்.

சிலிண்டரை வீட்டுக்கு வெளியே கம்பிக் கதவு போட்ட பெட்டியில் வைத்து, செம்புக் குழாய் வழியாக உள்ளே கொண்டுவந்தோம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே பெட்டியின் கதவிலும், அடுப்பின் கீழுள்ள அலமாரியிலும் தரையை ஒட்டித் துளைகள் இருக்க வேண்டும். பெட்டியின் உச்சியில் மட்டும் துளை விட்டுவிட்டுப் போன ஆசாரியைத் திரும்ப அழைத்து வந்து மாற்றினோம்.

ஈரோட்டிலிருந்து:

நான் மேடைக்கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மஞ்சள் விளையும் ஊரில், மஞ்சள் இல்லாத குழம்பே இல்லாத வீட்டில், வெள்ளைக் குவார்ட்ஸ் பதிக்கலாமா என்று யோசிப்பவர்கள், கடையில் கேட்டு ஒரு துண்டு வாங்கி வந்து, அரைத்த மஞ்சளை ஓர் இரவு அதன்மேல் விட்டுவைத்துப் பார்க்க வேண்டும். குவார்ட்ஸ் என்பது கல்தூளைப் பிசினால் இறுக்கிச் செய்த பலகை. அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியை நேராக அதன்மேல் வைத்தால் பிசின் கருகித் தழும்பு நிற்கும். கருப்பு கிரானைட் இரண்டையும் தாங்குகிறது. ஆனால் எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. பளபளப்பான கருங்கல்லில் ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடுகிறது. மெருகு குறைத்து, தோல் போன்ற சொரசொரப்பில் முடித்த கருங்கல்லை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். தொட்டிக்கு நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு குழாய்கள் இருக்கின்றன. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர். டைல்ஸ் இடுக்குகளுக்கு வெள்ளைச் சிமெண்டு பூசினால் தாளிப்பு தெறிக்கும் இடம் விரைவில் மஞ்சளாகும் என்பதால், எளிதில் கறை ஏறாத எபாக்சி பிசின் பூச்சைக் கேட்டு வாங்கினோம்.

கோயம்புத்தூரிலிருந்து, அடுக்குமாடி வீடு:

தோட்டமும் பொடக்காணியும் இல்லாதவர்களின் சார்பில் எழுதுகிறேன். வீட்டில் வார இறுதிச் சமையல் என்னுடையது, மற்ற நாட்கள் என் மனைவியுடையது. பண்டிகை நாட்களில் இருவரும் சேர்ந்து எட்டுக்குப் பத்தடி அறையில் நிற்கிறோம்.

தொட்டி, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் சுற்றளவு 13 அடியிலிருந்து 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்ற விதியை எங்களுக்கும் காட்டினார்கள். அது பயனுள்ள விதிதான். ஆனால் ஒருவர் மட்டும் சமைக்கும் அறையை எண்ணி வகுத்தது. இன்றைய மாடுலர் சமையலறைகளுக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை, 1926-இல் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தபோதே, ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவில் ஒரே ஒருவருக்காகத்தான் திட்டமிட்டார். நம் வீடுகளில் ஒருவர் தேங்காய் துருவ, ஒருவர் தாளிக்க, மூன்றாமவர் காப்பிக்குப் பால் எடுக்க வருவார். ஆகவே நாங்கள் முக்கோணத்தை விட்டுவிட்டு, குளிர்பதனப் பெட்டியை அறையின் வாசலுக்கே தள்ளினோம். பால் எடுக்க வருகிறவர் அடுப்பின் பக்கமே வர வேண்டியதில்லை. எதிரெதிர் மேடைகளுக்கு இடையே 42 அங்குலம் விட்டிருப்பதால், ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர் கொதிக்கும் பாத்திரத்தோடு கடந்து போக முடிகிறது.

கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரில் இருந்துகொண்டு, கிரைண்டருக்கு இடம் விடாத வரைபடங்களை நான் அதிகம் கண்டேன். அதைக் கீழ் அலமாரிக்குள் ஒளித்து வைப்பது படத்தில் அழகாகத் தெரியும். நடைமுறையில், கல்லையும் பாத்திரத்தையும் தூக்கிக் கழுவ வேண்டிய ஒவ்வொரு முறையும் இடுப்பு வலிக்கும். எங்கள் டேபிள்டாப் கிரைண்டர் தொட்டிக்கு அடுத்து, மேடையைவிட ஒன்பது அங்குலம் தாழ்ந்த சிறு பலகையில் நிரந்தரமாக நிற்கிறது. மின்சாரச் செருகி தொட்டியின் பக்கம் இல்லாமல் எதிர்ப்பக்கச் சுவரில் இருக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்புக்கும் ஓவனுக்கும் தனித்தனியாக 16 ஆம்பியர் செருகிகள் வைத்தோம். ஒரே செருகியில் பலவற்றைப் பிரித்து மாட்டுகிற பழக்கம் அதோடு நின்றது.

தொட்டிக்குக் கீழே வரும் அலமாரிக்கு, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை போதும் என்று ஒரு நிறுவனம் வற்புறுத்தியது. அவர்கள் காட்டிய மாதிரி வீட்டிலேயே தொட்டிக்கு அடியில் பலகை ஊதியிருந்ததை என் மனைவி கண்டுபிடித்தார். ஈரத்தைத் தாங்கும், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டை வேறு ஆசாரியிடம் கொடுத்துச் செய்துகொண்டோம். கீழ்ப்பகுதி முழுவதும் இழுப்பறைகள். குனிந்து கையை விட்டுத் துழாவாமல், உள்ளே இருக்கும் போசிகளை மேலிருந்தே பார்க்க முடிகிறது.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று. கூரையின் நடுவில் மட்டும் விளக்கு இருந்தால், சமைக்கிறவரின் நிழலே நறுக்கும் பலகைமேல் விழும். மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி ஒரு பட்டை விளக்கு போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஒரு சுவரில் மட்டும் திறந்த தட்டு வைத்து, கல்சட்டியையும் வாரம் தவறாமல் புழங்கும் இரும்புச் சட்டியையும் அடுக்கியிருக்கிறோம். புழங்காத பாத்திரத்தைத் திறந்த தட்டில் காட்சிக்கு வைப்பதை நான் விரும்புவதில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அது கழுவும் வேலையாகவே முடியும்.

மீண்டும் கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

கோவைத் தம்பி, அடுக்குமாடியில் தாழ்மேடைக்கு இடம் கிடைக்குமா என்று தனியே கேட்டிருந்தீர்கள். உங்கள் கிரைண்டர் நிற்கும் பலகையையே முன்புறம் ஆறு அங்குலம் நீட்டினால் சந்தகை அச்சின் கால்கள் நிற்க இடம் கிடைக்கும். ஆனால் திருகும்போது பலகை ஆடாமல் இருக்க, அடியில் இரும்புக் கோணத்தைச் சுவரோடு பதித்துத் தாங்க வேண்டும். பொள்ளாச்சி அண்ணா சொன்ன காற்று எங்கள் பக்கம் அவ்வளவு வேகமாக வருவதில்லை என்றாலும், புகைபோக்கிக் குழாயை நாங்களும் கிழக்கே திருப்பிக்கொள்கிறோம். இன்னும் மேடை கட்டாதவர்கள் அடி அலமாரியைத் தரையோடு முன்விளிம்பு வரை கொண்டுவராமல், கால்விரல் நுழைய மூன்று அங்குலம் உள்வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கல்லின் முன்விளிம்புக்கு அடியில் ஒரு சிறு காடி வெட்டச் சொன்னால், மேடையில் வழியும் தண்ணீர் கதவில் இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும்.