கையை நீட்டினால் விரல் நுனி வரை ஷாக்: கார்பல் டனல் உள்ளவர்கள் உதவவும்

வணக்கம். மதுரையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை செய்கிறேன். வயது 43. சித்திரைத் திருவிழா சமயத்தில் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. நடு இரவில் எழுந்து கையை உதறினால்தான் உணர்வு திரும்புகிறது. நரம்புப் பரிசோதனையில் கார்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் பிரச்சினை), நடுத்தர அளவு என்று வந்திருக்கிறது. சர்க்கரை, தைராய்டு இரண்டும் சரியாக உள்ளன.

இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிகிறேன், தூக்கம் தேவலை. பி12 மாத்திரையால் மாற்றம் தெரியவில்லை. ஒத்தடமும் ஆயிற்று, தைலமும் ஆயிற்று (தெருவில் ஆளுக்கொரு தைலம் சொல்கிறார்கள்). அறுவை சிகிச்சைக்கு இப்போது அவசரமில்லை என்கிறார் மருத்துவர்.

என்னைப் படுத்துவது வேறு. கொடியில் சேலை உலர்த்தக் கையைப் பக்கவாட்டில் நீட்டி மணிக்கட்டைப் பின்னால் வளைத்தால், முழங்கையிலிருந்து விரல் வரை மின்சாரம் பாய்கிறது. அப்படியே கழுத்தை இடப்பக்கம் சாய்த்தால் கூடுகிறது, வலப்பக்கம் சாய்த்தால் தணிகிறது. கையை அசைக்காமலே! கழுத்திலிருந்து விரல் வரை தொடர்ந்து ஓடும் நரம்பு, அசைவைத் தாங்காத அளவு கூசிப்போயிருக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். அவர் கற்றுத்தந்த நரம்புப் பயிற்சியில், இரு முனையிலும் இழுத்துப் பிடித்தால் அன்றிரவு மரத்தல் அதிகம். ஒரு முனையை நீட்டும்போது மறுமுனையைத் தளர்த்தி மெதுவாகச் செய்தால் தாங்க முடிகிறது.

இப்படி அசைவுக்கே நரம்பு கூசியவர்களில், இழுக்காத அந்த மென்மையான பயிற்சியை மட்டும் தொடர்ந்து செய்து குணம் கண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?