மன்ஹாட்டனில் கோ-ஆப் ஸ்டுடியோ வாங்கப் போகிறீர்களா? சமையல் மேடையைப் பார்க்கும் முன் கட்டடத்தின் கணக்கைப் பாருங்கள்

நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆனதும், மாதந்தோறும் வாடகையாகக் கரையும் பணம் கண்ணை உறுத்தத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் அப்படி ஒரு வீடு கண்ணில் படும்: மன்ஹாட்டனில், இரவும் பகலும் வாயிற்காவலர் நிற்கும் உயர்ந்த அடுக்குமாடியில், முழுவதும் புதுப்பித்த ஸ்டுடியோ, அதாவது ஒற்றை அறை வீடு. வெள்ளைக் கல் பதித்த மேடை, புது அடுப்பு, பளபளக்கும் மரத்தரை. விலையும், வீட்டையே உங்கள் பெயரில் எழுதித் தரும் காண்டோ வகையில் அதே அளவு வீட்டைவிடக் குறைவு. சென்ற மாதம் தம்பி ஒருவர் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, மறுநாளே முன்பணம் கொடுக்கத் துடித்தார். அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

விலை ஏன் குறைவு என்றால், அது கோ-ஆப், அதாவது கூட்டுறவு முறைக் குடியிருப்பு. கோ-ஆப்பில் நீங்கள் வீட்டை வாங்குவதில்லை. கட்டடம் முழுவதும் ஒரு நிறுவனத்தின் சொத்து. அந்த நிறுவனத்தின் பங்குகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை என்று ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பங்குகளை வாங்கினால், வீட்டில் குடியிருக்கும் உரிமை ஒரு குத்தகையாக உங்களுக்கு வரும். சென்னையில் வீடு வாங்கும்போது பிரிபடாத பங்கு எவ்வளவு, வில்லங்கச் சான்றிதழ் சரியாக இருக்கிறதா என்று துருவுவோம். இங்கே உங்கள் பெயரில் கிரயப் பத்திரமே கிடையாது. கிடைப்பது பங்குச் சான்றிதழ். கடன் வாங்கியிருந்தால் அதையும் வங்கி வைத்துக்கொள்ளும்.

ஆகவே நிறுவனம் நலமாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் கட்டும் மாதப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் சொத்து வரி, பணியாளர் சம்பளம், குளிர்காலச் சூடேற்றம், வெந்நீர், கட்டடத்தின் மேல் நிறுவனமே வாங்கிய கடனுக்கான தவணை எல்லாம் போகின்றன. கடைசி இரண்டு, மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கை வாங்குங்கள். நிர்வாகக் குழுக் கூட்டங்களின் குறிப்பேட்டை உங்கள் வழக்கறிஞர் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவரை 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும் என்பது நகரச் சட்டம். பழுது பெரிதாக இருந்தால் சாரம் கட்டுவார்கள், செலவு பங்குதாரர்கள் தலையில் சிறப்பு வசூலாக விழும். 2019-இல் வந்த உள்ளூர்ச் சட்டம் 97, 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களின் கரிம உமிழ்வுக்கு வரம்பு வைத்தது. 2024-இல் தொடங்கிய அந்த வரம்பு 2030-இல் இன்னும் இறுகும். மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். பழைய கொதிகலனோடு ஓடும் கட்டடம் என்றால் இதற்கு என்ன ஏற்பாடு என்று கேட்டே தீர வேண்டும். கட்டடம் நிற்கும் நிலம் நிறுவனத்துடையதா என்பதையும் கேளுங்கள். நிலம் வேறொருவருடையது, குத்தகை புதுப்பிக்கும் காலம் நெருங்குகிறது என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

இனி அந்தப் புதுப்பித்த வேலைக்கு வருகிறேன். நான் முதலில் வாங்கிய ஸ்டுடியோவும் புதுப்பித்ததுதான். அலமாரிக்குள் துணி துவைக்கும் இயந்திரம் இருந்ததைப் பார்த்தே மனத்தைப் பறிகொடுத்தேன். குடிவந்து நான்கு மாதத்தில் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது: இயந்திரத்தை அனுமதி இல்லாமல் வைத்திருக்கிறார்கள், உங்கள் செலவில் அகற்றுங்கள். வைத்தவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்குள் முன்பு நடந்த வேலைகளுக்கும் புதிய பங்குதாரரே பொறுப்பு என்று குத்தகையில் எழுதியிருந்தது. குழாயை அடைத்து, சுவரைப் பூசி முடிப்பதற்குள் அந்த ஆண்டின் சேமிப்பு கரைந்துபோயிற்று.

கோ-ஆப்பில் சுவருக்குள் கை வைப்பதென்றால் நிர்வாகக் குழுவோடு ஒப்பந்தம் போட வேண்டும். காப்பீடு உள்ள ஒப்பந்ததாரர், உரிமம் பெற்ற பிளம்பர், எலக்ட்ரீஷியன், வாரநாட்களில் குறித்த மணிநேரம் மட்டும் வேலை என்று நிபந்தனைகள் நீளும். கீழ்வீட்டின் படுக்கையறைக்கு மேலே உங்கள் குளியலறையோ சமையலறையோ வரக்கூடாது என்பது பல கட்டடங்களில் மாறாத விதி. ஒன் ஃபிப்த் அவென்யூ என்ற புகழ்பெற்ற கட்டடத்தில் ஒருவர் சமையலறையைப் பெரிதாக்க நீராவிக் குழாயை நகர்த்தப்போய், குழு தடுத்து, வழக்கு மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் வரை போனது. குழு தன் அதிகாரத்துக்குள் நின்று, கட்டடத்தின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவில் தலையிட மாட்டோம் என்று 1990-இல் தீர்ப்பு வந்தது. குழாயை நகர்த்தியவர் அந்தக் குழுவின் தலைவராகவே இருந்தவர்! எனவே விற்பவரிடம் அந்த ஒப்பந்தத்தின் நகலையும், நகரக் கட்டடத் துறை வேலையை முடித்துவைத்த சான்றையும் கேளுங்கள். துறையின் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் முடிக்காமல் விட்ட அனுமதிகள் தெரியும்.

நம் வீட்டுச் சமையலுக்கு ஒன்று. அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி உள்ளேயே விடுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளேயேதான் விடும். ஒரே அறையில் தாளிப்பதும் தூங்குவதும் என்றால் இது சிறிய விஷயம் அல்ல. தரையில் ஐந்தில் நான்கு பங்கு கம்பளம் விரிக்க வேண்டும் என்ற விதி பரவலாக உண்டு. மேடையில் கிரைண்டர் ஓட்டும் நேரத்தையும் கீழ்வீட்டாரை நினைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நிர்வாகக் குழுவின் ஒப்புதல். வருமான வரி அறிக்கைகள், வங்கிக் கணக்குகள், வேலைச் சான்று, தெரிந்தவர்களின் பரிந்துரைக் கடிதங்கள் என்று ஒரு கட்டு சேர்த்துக் கொடுத்து, நேர்காணலுக்கும் போக வேண்டும். விலையில் 20 முதல் 25 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும் என்பது வழக்கம். சில இடங்களில் பாதி. அதைக் கட்டிய பிறகும் ஓராண்டு, ஈராண்டுச் செலவுக்குப் பணம் மீதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி மறுப்பது நகரச் சட்டத்துக்குப் புறம்பானதுதான், ஆனால் காரணமே சொல்லாதவரிடம் அதை நிரூபிப்பது கடினம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா பணம் அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே தொடங்குங்கள். இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைதான் அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் வரியை வங்கி முன்னதாகவே பிடிக்கும். அவர்கள் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். அன்பளிப்பு ஆண்டுக்கு 1,00,000 டாலரைத் தாண்டினால் இங்கே நீங்கள் படிவம் 3520 தாக்கல் செய்ய வேண்டும். வரி இல்லை, ஆனால் தாக்கல் செய்யத் தவறினால் அபராதம் கடுமை.

விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். வேலை வேறு ஊருக்கு மாறினால் வாடகைக்கு விட்டுக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். இரண்டு ஆண்டு குடியிருந்த பிறகே விடலாம், அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டும், ஒவ்வொரு வாடகைதாரருக்கும் குழுவின் அனுமதி வேண்டும் என்பதே பல இடங்களில் விதி. அறவே கூடாது என்னும் கட்டடங்களும் உண்டு. அவசரமாக விற்கலாம் என்றாலோ, வாங்க வருபவரும் இதே குழுவின் முன் உட்கார வேண்டும். பல மாதம் போய்விடும்.

அந்தத் தம்பியின் வழக்கறிஞர் இப்போது குறிப்பேட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த கோடையில் அம்மா வந்து தங்க இருப்பதால், விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம், தம்பி வெளியூர் போனால் அம்மா தனியாக இருக்கலாமா என்ற கேள்வியையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் எழுத்தில் வந்த பிறகே கையெழுத்து.