மேற்குக் கடலில் தெரியிற வெள்ளைப் படலம் புகையா? செய்மதிப் படம் பார்க்கத் தெரிந்தவர்கள் உதவுங்கோ

வெள்ளவத்தை_மொட்டைமாடி:
வணக்கம். இந்தக் கிழமை முழுக்கக் காலமையில் எங்கட மொட்டைமாடியில் இருந்து தாமரைக் கோபுரம் மங்கலாத்தான் தெரியுது. அம்மாவுக்கு இழுப்பு இருக்கிறபடியால் காரணம் தேடி நாசாவின் செய்மதிப் படத் தளமான வேர்ல்ட்வியூவைத் திறந்தேன். டெரா செய்மதிப் படத்தில் கொழும்புக்கு மேற்கே கடலில் சாம்பல் வெள்ளையில் அகலமான பட்டை. ஆனால் ஏஓடி (காற்றில் மிதக்கிற தூசு, புகைத் துகள்களின் அளவு) லேயரைப் போட்டால் அதே இடம் வெறுமையாக் கிடக்கு. நாசாவின் தீ வரைபடமான ஃபேர்ம்ஸில் ஆந்திரா, ஒடிசாப் பக்கம் சிவப்புப் புள்ளிகள் குவிஞ்சிருக்கு. அந்தப் புகையா இங்க வருது? இல்லாட்டி மத்திய கிழக்குத் தூசா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
கடலை நிரப்பின துறைமுக நகரத்து மண் மச்சான். ஒரு மழை பெய்தாப் போயிடும்.

காற்றுமானி:
மண் எண்டால் கடலில் பட்டை தெரியாது 🙂

தம்பி, மேற்கில் தெரியிறது அனேகமாச் சூரிய ஒளித் தெறிப்பு. மார்ச், ஏப்ரலில் சூரியன் எங்கட தலைக்கு நேரே வரும் காலம். கடல் மேற்பரப்பில் பட்ட வெளிச்சம் நேரே செய்மதிக்குத் திரும்பினால், படத்தில் அந்த இடம் வெளுத்துப் போகும். ஏஓடி கணிக்கிற மென்பொருள் அந்த இடத்தை வேணுமெண்டே ஒதுக்கிவிடும். முகில் இருக்கிற இடத்தையும் அப்படித்தான். ஆக, வெறுமையா இருந்தால் ‘சுத்தம்’ எண்டு எடுக்கக் கூடாது, ‘அளக்கேல்ல’ எண்டுதான் எடுக்க வேணும்.

சோதிக்கிறது சுகம். டெரா காலையில் போகுது, சுவோமி என்பிபி எண்ட மற்றச் செய்மதி மத்தியானம் தாண்டிப் போகுது. இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கோ. தெறிப்பு எண்டால் பட்டை இடம் மாறியிருக்கும். புகை அந்தச் சில மணித்தியாலத்தில் அவ்வளவு தூரம் பாயாது.

ஃபேர்ம்ஸ் புள்ளியைக் கண்டு பயப்படாதேங்கோ. அது சூடான பிக்செல், புகை இல்லை. சுவோமியில் இருக்கிற வீயர்ஸ் கருவிக்கு ஒரு பிக்செல் 375 மீற்றர், டெராவில் இருக்கிற மொடிஸுக்கு 1 கிலோமீற்றர். அதுக்குள்ள எரிஞ்சது ஒரு சின்ன வயலாகவும் இருக்கலாம். பாரசீக வளைகுடாவில் எரிவாயுக் குழாய்ச் சுவாலையும் இதே சிவப்பில்தான் விழும்.

புகை, தூசு வகையா, தொழிற்சாலை மாசா எண்டு பிரிக்க ஓஎம்பிஎஸ் (சுவோமியில் இருக்கிற இன்னொரு கருவி) ஏரோசோல் இண்டெக்ஸ் லேயரைப் போடுங்கோ. புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிற புகைக்கும் தூசுக்கும் அது ஏறும், சல்பேற் மாதிரியான தொழிற்சாலை மாசுக்கு ஏறாது. ஒரு குறை: நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிற புகையை அது சரியாப் பிடிக்காது.

தூசு எண்டால் இந்து சமுத்திரத்துக்கு மேலே நிற்கிற மீற்றியோசற் செய்மதியின் டஸ்ட் ஆர்ஜிபி (தூசைத் தனி நிறத்தில் காட்டுற) படம் இருக்கு. 15 நிமிசத்துக்கு ஒன்று, இரவிலும் வேலை செய்யும். தூசு இளஞ்சிவப்பா வரும்.

வெள்ளவத்தை_மொட்டைமாடி:
பார்த்தேன் அண்ணா. மத்தியானப் படத்தில் மேற்குப் பட்டை அங்க இல்லை, மாலைதீவுப் பக்கம் வேற ஒன்று நிற்குது! ஆனால் வங்காள விரிகுடாவில் ஏஓடி செம்மஞ்சள். இண்டெக்ஸ் பெரிசா ஏறேல்ல. டஸ்ட் படத்தில் எங்கட பக்கம் இளஞ்சிவப்பே இல்லை.

காற்றுமானி:
அப்ப தூசு இல்லை. இந்தியப் பக்கத்துக் கலவை மாசு போல இருக்கு, 1999இல் இண்டோயெக்ஸ் ஆய்வு இந்து சமுத்திரத்துக்கு மேல அளந்த அதே வகை. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் நேரம் இங்க பள்ளிக்கூடம் மூடினதும் எல்லை தாண்டி வந்த மாசாலதான். ஆனால் ஏஓடி எண்டது நிலத்தில் இருந்து வானம் வரைக்குமான மொத்தக் கணக்கு. மூக்குக்குக் கிட்ட எவ்வளவு எண்டதை அது சொல்லாது. நிலத்து அளவிகளில் யாழ்ப்பாணம், கண்டி, கொழும்பு மூன்றையும் பாருங்கோ. மூன்றும் ஒன்றா ஏறினால் வெளியில் இருந்து வருது. காலமை ஏழு, எட்டு மணிக்குக் கொழும்பு மட்டும் ஏறினால் காலி வீதி வாகனம்தான்.

வெள்ளவத்தை_மொட்டைமாடி:
யாழ்ப்பாணம் முந்தநாளே ஏறியிருக்கு. கண்டி நேற்று. கொழும்பு காலமையில் இன்னும் கொஞ்சம் மேல.

காற்றுமானி:
அப்ப இரண்டும் சேர்ந்த கதை. எங்கிருந்து எண்டு உறுதியாத் தெரிய அமெரிக்க வானிலை நிறுவனமான நோவாவின் ஹைஸ்பிளிற் எண்ட காற்றுப்பாதைக் கணிப்பில் 500 மீற்றர் உயரத்துக்கு 72 மணித்தியாலப் பின்னோக்கிய பாதை (காற்று வந்த வழி) போட்டுப் பாருங்கோ, மார்ச்சில் காற்று ஒரு பக்கமா நிலைச்சு வீசாது. அம்மாவைக் காலமை நடைக்கு விடாதேங்கோ. கடற்காற்று எழும்பின பிறகு, பின்னேரம் போகட்டும். பம்ப் கைக்கெட்டின தூரத்தில் இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஹைஸ்பிளிற் போட்டால் ஸ்கிரீன்ஷொட் போடு மச்சான், நானும் பார்க்க வேணும்.