"27 சதவீதம்னா 27தான்" என்ற மேதைக்கு ஒரு கணக்கு

கணக்குப்புலி:
பக்கத்துத் திரியில் ப்ளாப்பாண்டி திருவாய் மலர்ந்திருக்கிறார்: ரேக்பேக் 27 சதவீதம்னா 27தான், எந்த முறையில பிரிச்சா என்னன்னு. (போக்கர் ரூம் ஒவ்வொரு பாட்டிலிருந்தும், அதாவது மொத்தப் பந்தயக் காசிலிருந்தும், எடுக்கற கமிஷன் ரேக். அதை ஆட்டக்காரங்க பேர்ல பிரிச்சு எழுதி, அவங்க பங்குல இத்தனை சதவீதம்னு திருப்பித் தர்றது ரேக்பேக்.) புதுசா வர்றவங்க நம்பிடப் போறாங்க.

50 சென்ட்/1 டாலர் மேசை, 6 பேர். கட்டாயப் பந்தயமா 50 சென்டும் 1 டாலரும் போட்ட ரெண்டு பிளைண்டும் சீட்டை மடிச்சு விலகியாச்சு. மிச்ச நாலு பேர்ல ரெண்டு பேர் காசே போடாம மடிச்சாச்சு, ரெண்டு பேர் ஆளுக்கு 19.25 போட்டிருக்காங்க. பாட் 40, ரேக் 5 சதவீதம், அதாவது 2 டாலர். டீல்ட் முறைன்னா சீட்டு வாங்கின ஆறு பேர் பேர்லயும் 33 சென்ட். காசு போட்டவங்களுக்கு மட்டும் சமமாப் பிரிச்சா நாலு பேருக்கு 50. வெயிட்டட்னா, அதாவது போட்ட காசு விகிதத்துல பிரிச்சா, 19.25 போட்டவருக்கு 96 சென்ட், சின்ன பிளைண்டுக்கு 2.5. இப்ப 27 சதவீதம் போடுங்க: ஒருத்தருக்கு 26 சென்ட், இன்னொருத்தருக்கு ஒரு சென்ட்கூட இல்லை.

ப்ளாப்பாண்டி:
மடிச்சவன் எங்கய்யா ரேக் கட்டினான், 2.5 சென்ட் தர்றதுக்கு? ஜெயிச்சவன் பாட்டிலிருந்துதான் போகுது. மொத்தம் 54 சென்ட். எப்படிப் பிரிச்சாலும் ரூமுக்கு அதே செலவு.

கணக்குப்புலி:
ஆறு பேருக்கும் ரேக்பேக் இருந்தாத்தானே 54? 19.25 போட்டவர்ல ஒருத்தர் ரேக்பேக் டீல் இல்லாம நேரா கணக்கு திறந்தவர்னு வைங்க. டீல்ட்ல ரூம் 45 சென்ட் தரணும், வெயிட்டட்ல 28. இப்படி டீல் இல்லாம, லூசா, அதாவது கண்ட சீட்டுக்கும் காசு போட்டு ஆடறவங்க பேர்ல ரேக் ஏற ஏற ரூமுக்கு லாபம். 2012 ஜனவரியில போக்கர்ஸ்டார்ஸ் ரூம் டீல்டை விட்டு வெயிட்டடுக்கு மாறினப்ப, டைட்டா, அதாவது நல்ல சீட்டுக்கு மட்டும் காசு போட்டு ஆடறவங்க குதிச்சது பொழுது போகாமலா?

ப்ளாப்பாண்டி:
ஸ்டார்ஸ்ல அப்ப ரேக்பேக்கே கிடையாது, விபிபிங்கற பரிசுப் புள்ளிதான். ஃபுல் டில்ட் ரூம்தான் அந்தக் காலத்துல 27 தந்துச்சு. இதுகூடத் தெரியாம புலியாம்!

கணக்குப்புலி:
புள்ளி எதை வச்சு ஏறிச்சு, ஜாதகத்தை வச்சா?

நிட்_நாராயணன்:
ரெண்டு பேரும் கழிவை விட்டுட்டீங்க. மாசம் 100 டாலர் ரேக், 20 டாலர் போனஸ் எடுத்திருந்தா பல ரூம்ல 80க்குத்தான் சதவீதம். 30 சதவீத டீல்ல கைக்கு வர்றது 24.

கணக்குப்புலி:
அது வேற திரி, நாராயணன். டோர்னமென்ட் திரியிலயும் இப்படித்தான் நடுவுல புகுந்தீங்க.

நிட்_நாராயணன்:
அங்க 10+1 டாலர் நுழைவுக் கட்டணத்துல அந்த 1தான் ரேக்னு சொன்னேன். பதில் வரலை.

ப்ளாப்பாண்டி:
மடிச்சவனுக்கு 2.5 சென்ட் எதுக்கு? அதுக்கும் பதில் வரலை.

கணக்குப்புலி:
அவர் போட்ட 50 சென்ட் பாட்டில கிடக்கு, அதிலும் 5 சதவீதம் வெட்டியாச்சு. யாரும் கால் பண்ணாம திரும்பி வந்த பந்தயம்தான் கணக்குல சேராது. பிளைண்ட் திரும்பி வருதா?

ப்ளாப்பாண்டி:
பாட் 200 ஆகி, ரேக் 3 டாலர் கேப்ல (உச்ச வரம்புல) நின்னா? அப்பவும் அந்த 50 சென்ட்ல 5 சதவீதமா வெட்டினான்?

கணக்குப்புலி:
கேப்புக்கு அப்புறம் 3 டாலரை அதே விகிதத்துல பிரிப்பாங்க. முக்கால் சென்ட். வகுத்தல் தெரிஞ்சா போதும், தம்பி.

ப்ளாப்பாண்டி:
தம்பின்னு கூப்பிடற வேலை வேண்டாம். மடிச்சவன் மடிச்சவன்தான்.