பிடிஎம் கோப்புறை அனுமதி: ஒருவருக்கு மட்டும் பூட்ட வழி உண்டா?

வணக்கம். சாலிட்வொர்க்ஸ் பிடிஎம் (வரைபடக் கோப்புகளைச் சேமித்து நிர்வகிக்கும் மென்பொருள்) நிர்வாகம் என் தலையில் விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. வால்வு வரைபடங்களின் கோப்புறைக்குள் ‘விலை மதிப்பீடு’ என்றொரு துணைக் கோப்புறை. ஒப்பந்த வரைவாளர்கள் அதைப் பார்க்கக் கூடாது. அவர்கள் குழுவுக்குப் படிக்கும் அனுமதியை எடுத்துவிட்டேன். ஆனாலும் ஒருவருக்கு எக்செல் கோப்பு ஜோராகத் திறக்கிறது!

துருவிப் பார்த்தால் அவர் ‘வடிவமைப்பு’ குழுவிலும் இருக்கிறார். (சேர்த்த புண்ணியவான் நான்தான்.) இரு குழுக்களின் அனுமதிகளும் கூடித்தான் வரும், ஒன்று மற்றொன்றை வெட்டாது. அந்தக் குழுவிலிருந்து நீக்கினால் அவரால் வரைபடங்களைச் செக் அவுட் செய்ய (திருத்துவதற்காகத் தன் பெயரில் எடுக்க) முடியாது.

விலைக்கென்று தனிக் குழு தொடங்கி, மற்றவர்களிடமிருந்து அனுமதியை எடுத்துவிடுவதா? அல்லது அந்தக் கோப்புகளுக்குத் தனி ஒர்க்ஃப்ளோ (கோப்பு கடந்து செல்லும் நிலைகளின் வரிசை) வைத்து, அந்த நிலைகளுக்கான அனுமதியில் தடுப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.